பருக்கை விழுந்த தண்ணீர்

வாளித் தண்ணீரைப் பேரி மரத்தடியில் ஊற்றிவிட்டு ரெனாட்டா திரும்பியபோது, முதுகுக்குப் பின்னால் யாரோ விழுங்கும் சத்தம் கேட்டது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பனி மூடிய மலைச்சரிவில், காலைச் சாப்பாடு முடிந்தும் இன்னும் முழுதாக விடியாத அந்த நீல வெளிச்சத்தில், நிலக்கரிப் புகை கூரையிலிருந்து இறங்கித் தாழ்வாகப் படர்ந்து கிடக்க, வாளியின் கைப்பிடி ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கிய பிறகு, தண்ணீர் ஒரு சின்னத் தொண்டையில் இறங்கும் ஓசை வந்தது. ஒவ்வொரு மிடறின் முடிவிலும் நகத்தைச் சுண்டியதுபோல ஒரு 'டிக்'. பூனையாக இருக்கும் என்று திரும்பிப் பார்த்தாள். பூனை இல்லை. வெந்நீர் விழுந்தால் பனியில் குழி விழும். குழிக்குள் தண்ணீர் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். குழி இருந்தது, தண்ணீர் இல்லை. விளிம்பெல்லாம் குழந்தை நக்கி முடித்த தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

மண் குடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு அவள் உள்ளே போயிருக்கலாம். ஆனால் அந்த 'டிக்' அவளுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா? அவள் மகள் கிங்கா தண்ணீர் குடித்தால் தொண்டையில் அப்படித்தான் சத்தம் வரும். கிங்கா போன வசந்தத்தில் செத்துப் போயிருந்தாள்.

நோவி சாஞ்ச் ஊரின் ஜென் தியானக் குழு ஒன்றும் பெரிய குழு இல்லை. வாரம் ஒருமுறை இசைப் பள்ளி மாடியில் கூடிச் சுவரைப் பார்த்து உட்காருவார்கள். கீழே யாராவது பியானோவில் தப்பும் தவறுமாக வாசித்துக்கொண்டிருப்பார்கள். டிசம்பர் தொடக்கத்தில், புத்தர் ஞானம் பெற்ற நாளை ஒட்டி, மலைமேல் இருக்கும் பழைய வனக்காவலர் வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் பேச்சில்லாமல் உட்காருவது அவர்கள் வழக்கம். குழுவை நடத்துகிறவர் லெஷெக், ஊரில் பல் டாக்டர். சமையல் மிரேக்கின் பொறுப்பு. மற்ற நாட்களில் அவன் பேருந்து ஓட்டுகிறவன். ரெனாட்டா ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள். மகளைப் புதைத்த பிறகு வீட்டில் இருக்க முடியாமல் இந்தக் குழுவுக்கு வரத் தொடங்கியிருந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

முதல் நாள் மாலை, மௌனம் தொடங்குமுன், எல்லோரும் அடுப்பங்கரையில் நின்று கடைசியாகப் பேசித் தீர்த்தார்கள்.

"டாக்டரைப் பாருங்க," என்றான் மிரேக், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "ஊர்ல வாயைத் தெறங்கன்றாரு. மலைக்கு வந்தா வாயை மூடுங்கன்றாரு. நம்ம வாய்க்கு விடிவுகாலமே கெடையாது."

"நீ எப்படா வாயைத் தெறந்து காட்டின? கடவாய்ப் பல்லு ரெண்டும் போயாச்சு. பயந்தாங்கொள்ளி," என்றார் லெஷெக். எல்லோரும் சிரித்தார்கள். ரெனாட்டாவும் கொஞ்சம் சிரித்தாள்.

கிராக்கோ நகரத்திலிருந்து வர வேண்டிய ஒருவர் பனியில் பேருந்து ஓடாமல் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய மெத்தையும் துணியில் முடிந்த கிண்ணங்களும் ரெனாட்டாவுக்கு இடப்பக்கம் காலியாகக் கிடந்தன.

"எடுத்து வச்சிரு மிரேக்."

"இருக்கட்டும் டாக்டர். கிறிஸ்துமஸ் ராத்திரி ஒரு தட்டு கூடவே வைக்கிறோம்ல, யாரு வந்து கதவைத் தட்டினாலும் சாப்பிடட்டும்னு? அதைக் கொஞ்சம் முன்னாடி வச்சதா இருக்கட்டும்."

"இந்தப் பனியில எந்த விருந்தாளிடா வரப்போறான்?" என்று லெஷெக் விட்டுவிட்டார்.

பிறகு அவர் சாப்பாட்டு விதிகளைச் சொன்னார். பரிமாறுகிறவன் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. கிண்ணத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும். வாங்குகிறவர் போதும் என்றால் உள்ளங்கையை உயர்த்துவார். உயர்த்துகிற வரை ஊற்ற வேண்டும். இதைக் கேட்டபோது ரெனாட்டா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். அவள் வீட்டு மேசையில் கிங்காவின் கை எப்போதும் உயர்ந்தேதான் இருந்தது. சூப்பைக் கொண்டு வந்தால் கை. ரொட்டியைக் கொண்டு வந்தால் கை. 'போதும்மா, போதும்.' தட்டில் ஒன்றுமே விழுந்திருக்காது.

"சாப்பிட்டு முடிச்சதும் கிண்ணத்தை ஊறுகாய் வெள்ளரித் துண்டால தேய்ச்சுக் கழுவி, அந்தத் தண்ணிய நீங்களே குடிச்சிரணும்," என்றார் லெஷெக். "கடைசியா அலசற தண்ணி மட்டும் வாளிக்குப் போகும். அது நமக்கில்ல. பசித்த ஆவிகளுக்கு. அவங்களுக்கு வயிறு மலையாட்டம், தொண்டை ஊசித் துளையாட்டம்னு சொல்லுவாங்க. தெளிஞ்ச தண்ணி மட்டும்தான் இறங்கும். அதுல ஒரே ஒரு பருக்கை கெடந்தாலும் தொண்டையில சிக்கி நெருப்பா எரியும். குடுக்கறதா நெனச்சுக்கிட்டுக் கொடுமை பண்ணின மாதிரி ஆயிரும். அதனால வாளியை நான் பாத்த பெறகுதான் வெளிய போகணும்."

முகாமில் ஆளுக்கொரு வேலை. வாளித் தண்ணீரை மரத்தடியில் ஊற்றும் வேலையை ரெனாட்டாவுக்குக் கொடுத்தார். அவள் மெலிந்திருந்ததைப் பார்த்து, பாரமில்லாத வேலையாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். நல்ல மனிதர்.

விழுங்கும் சத்தம் கேட்ட அன்று மதியமும் அவள் வாளியோடு போனாள். ஊற்றிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். திரும்பி நின்றால்தான் கேட்கிறது என்பது அவளுக்கு எப்படியோ புரிந்திருந்தது. டிக். டிக். மெல்ல, மிச்சம் வைக்காமல், கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும் சத்தம். கிங்காவின் கடைசி மாதங்களில் தண்ணீர் ஒன்றுதான் உள்ளே போனது. அதுவும் இப்படித்தான், சின்னச் சின்ன மிடறாக, யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோலக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. டாக்டர்கள் அந்த வியாதிக்கு ஒரு பெயர் சொன்னார்கள். பெயரை வைத்துக்கொண்டு பெற்றவள் என்ன செய்வாள்? 'ஒரே ஒரு வாய் கண்ணு. எனக்காக ஒரே ஒரு வாய்.' எத்தனை முறை கெஞ்சினாள். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் தாடையைப் பிடித்துக் கரண்டியை உள்ளே திணித்தாள். கிங்கா துப்பவில்லை, கத்தவும் இல்லை. வாயில் அதை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டாள்.

ஊருக்கெல்லாம் ரொட்டி சுடுகிறவள் பெண் பட்டினியால் போய்ச் சேர்ந்தாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ரெனாட்டா அதற்குக் கூட அழவில்லை. அந்தப் பெண் ஒருமுறையாவது வாயைத் திறந்து 'பசிக்குது' என்று சொல்லவில்லையே என்றுதான் அழுதாள்.

மாலையில் வெளிச்சம் மங்கும் நேரம் வாளியை எடுத்துக்கொண்டு போனபோது, மரத்தைச் சுற்றிப் பனியில் வெறுங்கால் தடங்கள் இருந்தன. குறுகலான பாதம். பெருவிரல் கொஞ்சம் உள்ளே வளைந்திருந்தது. தடங்கள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தனவே தவிர, எங்கிருந்து வந்தன, எங்கே போயின என்று ஒன்றும் இல்லை.

ஊற்றினாள். திரும்பி நின்றாள். டிக். டிக். டிக். பிறகு தோளுக்குப் பின்னால், பழம் அழுகினாற்போல் ஒரு புளித்த இனிப்பு வாடை. சாப்பிடாத உடம்பின் மூச்சில் வரும் வாடை. மருத்துவமனைத் தலையணையில் முகம் புதைத்து அவள் முகர்ந்த அதே வாடை.

"பசிக்குதும்மா."

ரெனாட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். பயந்தது உண்மைதான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று பொங்கி வந்தது. சந்தோஷம். வெட்கமில்லாத சந்தோஷம்.

மறுநாள் அவளுக்கு லெஷெக்கோடு தனியாகப் பேசும் முறை வந்தது. முகாமில் வாய் திறக்க அனுமதி உள்ள ஒரே இடம் மாடிப்படிக்குக் கீழ் இருந்த அந்தச் சின்ன அறைதான். மெழுகுவத்தி வாசனையும் நாப்தலின் உருண்டை வாசனையும் கலந்து வீசியது.

"டாக்டர், தண்ணியில ஏதாவது கெடந்தா அவங்களுக்கு உண்மையிலயே வலிக்குமா?"

"எவங்களுக்கு?"

"குடிக்கறவங்களுக்கு."

லெஷெக் மெழுகுவத்தியைத் தள்ளி வைத்தார். "எனக்குச் சொன்னவங்க அப்படிச் சொன்னாங்க. நான் பல்லுக்கு ஊசி போடறவன் ரெனாட்டா, ஆவியப் பாத்ததில்ல."

"பசின்னு வாய்விட்டுக் கேட்டா?"

"பசின்னு கேக்கறவங்களுக்கு என்ன இறங்கும்னு பாத்துக் குடுக்கறது ஒண்ணு. நம்ம மனசு ஆறணும்னு குடுக்கறது வேற ஒண்ணு. தண்ணி போதும். வேற எதுவும் போட்டுராதீங்க."

"அவளுக்குத் தண்ணி போதாது."

"யாருக்கு?"

ரெனாட்டா தலை தாழ்த்தி வணங்கினாள். லெஷெக் அவள் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். "ரெனாட்டா, வேணும்னா ஊருக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன். மிரேக் வண்டியெடுப்பான்." அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள். போனால் யார் தண்ணீர் ஊற்றுவது?

அன்று மதியம் பார்லிச் சோறு. மிரேக் வெண்ணெயில் வெங்காயத்தைச் சிவக்க வதக்கிப் போட்டிருந்தான், கூடமே மணத்தது. கிங்காவுக்குச் சின்ன வயதில் உயிர் இதுதான். சட்டியைச் சுரண்டித் தின்பாள். ரெனாட்டா தன் பங்கில் பாதியைக் கைக்குட்டையில் முடிந்து, ஆறாமல் இருக்க அடிவயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டாள். லெஷெக் வாளியைப் பார்த்தார். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. தலையசைத்தார்.

மரத்தடிக்குப் போனதும் முடிச்சை அவிழ்த்து எல்லாவற்றையும் வாளிக்குள் கொட்டினாள். விரலால் கலக்கினாள்.

"சாப்பிடு கண்ணு. அம்மா கொண்டாந்திருக்கேன்."

ஊற்றினாள். திரும்பி நின்றாள்.

டிக். டிக். டி...

நின்றுவிட்டது.

அப்புறம் ஒரு காற்றுச் சத்தம். கெட்டித் துணியில் நூலை இழுப்பதுபோல மெல்லிய, நீண்ட, அறுந்து அறுந்து வரும் சத்தம். மூச்சு உள்ளே போக வழி தேடுகிறது. ரெனாட்டா திரும்பி மண்டியிட்டுப் பனியை இரு கையாலும் தோண்டினாள். நகம் உடைந்தது. அடியில் இறுகிய மண்தான் இருந்தது. ஒரு பருக்கை கூட இல்லை. எல்லாம் உள்ளே போயிருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து மரப்பலகையைத் தட்டி அழைத்தார்கள்.

மாலை அமர்வில்தான் இருமல் தொடங்கியது. கூடத்தில் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சிம்னி விளக்கின் வெளிச்சத்தில் அவரவர் நிழல் அவரவர் முகத்துக்கு நேரே நின்றது. முதலில் வாசல் பக்கத்திலிருந்து வறட்டு இருமல் ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலருகே. பிறகு தரைப் பலகைக்கு அடியில். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பக் கூடாது என்பது விதி. அதனால் ஒவ்வொருவரும் வேறு யாரோ இருமுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

"இருமறவங்க எழுந்து போய் வெந்நீர் குடிச்சிட்டு வாங்க. தப்பில்ல," என்று லெஷெக்கின் குரல் மெதுவாக வந்தது.

யாரும் எழவில்லை.

ரெனாட்டாவுக்குச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. என்னவென்று சொல்வது? ஊமை கண்ட கனவுதான். செத்துப்போன பெண்ணுக்குச் சோறு ஊட்டினேன், தொண்டையில் சிக்கிக்கொண்டது, யாராவது வாருங்கள் என்றா? அவள் கண்ணீர் மடியில் சொட்டியது. உயிரோடு இருந்தபோது அவள் திணித்தாள். செத்த பிறகும் திணித்திருக்கிறாள். கேட்டதே பெண்தான் என்று மனசு சமாதானம் சொல்லப் பார்த்தது. வேறு எதுவும் போடாதே என்று லெஷெக் சொன்னதையும் அவள் கேட்டிருந்தாளே. மனசு வாயை மூடிக்கொண்டது.

இரவு முழுக்கச் சுவருக்குள் இருமல் நடந்தது.

காலையில், இருட்டுப் பிரியுமுன், மறுபடி கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். கண்ணாடி ஜன்னலில் பனி பூத்திருந்தது. மணி ஒலித்து அடங்கியது. மூச்சு மட்டும் கேட்கும் அந்த அமைதியில், இடப்பக்கத்துக் காலி மெத்தை மெல்ல அமுங்கியது. உள்ளே நிரப்பியிருந்த உமி நசுங்கும் சத்தம். ஈரக் கம்பளி நாற்றம். அழுகிய பழம்.

ரெனாட்டா திரும்பவில்லை. கடைக்கண்ணில், சுவரில், தன் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல். தலை பெரிது. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

ஒரு கை அவள் கையைத் தேடி வந்தது. ஜில்லென்ற, எடையே இல்லாத கை. அது அவள் விரல்களைப் பிடித்துத் தூக்கித் தன் கழுத்தில் வைத்தது.

தோல் ஈரக் காகிதம்போல் இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஒன்று. கடினமாக. சுட்டது. அடுப்பிலிருந்து அப்போதுதான் தெறித்த பொறிபோலச் சுட்டது.

"எடுத்துரும்மா."

வாய் திறந்தது. அவள் விரல் உள்ளே போனது. பல்லுக்குப் பின்னால். நாக்குக்குப் பின்னால். வறண்ட வழி. குறுகியது. இன்னும் குறுகியது. விரல் நுனியில் பருக்கை தட்டுப்பட்டது.

நெம்பினாள்.

வழுக்கியது. உள்ளே போய்விட்டது. இன்னும் ஆழமாக.

சத்தமில்லாமல் அந்தச் சின்ன உடம்பு துடித்தது. மெத்தைக்குள் உமி நொறுநொறுத்தது.

"ஐயோ கண்ணு. ஐயோ. அம்மா தெரியாம..."

"ரெனாட்டா," என்றார் லெஷெக் சுவரைப் பார்த்தபடியே, பரிவோடு. "அழுகை வந்தா அழுங்க. பேச வேணாம்."

மணி அடித்தது. எல்லோரும் வணங்கி, மெத்தையிலேயே உட்புறம் திரும்பி உட்கார்ந்தார்கள். கண்கள் தரையில். சாப்பாட்டு நேரம். துணி முடிச்சுகள் அவிழும் சரசரப்பு வரிசையாக வந்தது. ரெனாட்டாவின் முடிச்சு அவிழ்ந்தது. அதற்கு அடுத்ததும் அவிழ்ந்தது.

இப்போது பார்த்தாள்.

கிங்கா பச்சைக் கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். புதைத்தபோது போட்டுவிட்டது. வயிறு சட்டையைத் தள்ளிக்கொண்டு பானைபோல் உப்பியிருந்தது. முகம் மட்டும் பழைய முகம். நோய் வருவதற்கு முன் இருந்த, சட்டி சுரண்டித் தின்ற பெண்ணின் முகம். அந்தக் கண்கள் அம்மாவைத்தான் பார்த்தன.

மிரேக் பெரிய பாத்திரத்தோடு வரிசையில் வந்தான். ஒவ்வொரு கிண்ணமாகப் பார்லிக் கஞ்சி விழுந்தது. ஒவ்வொரு கையாக உயர்ந்தது. ரெனாட்டாவின் முன் மண்டியிட்டான். அவள் கையை உயர்த்தினாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. அவன் நகர்ந்தான். அடுத்த கிண்ணம் நீண்டது. அவன் கிண்ணத்தை மட்டும் பார்த்தான்.

ஊற்றினான்.

கிங்காவின் கை உயரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக உயரவில்லை. அவள் கிண்ணத்தை வாயோடு வைத்துச் சாய்த்தாள். கோடாக இருந்த கழுத்தில், தோலுக்குள், ஒவ்வொரு பருக்கையும் கங்காகச் சிவந்து நின்றது. ஒன்றன்மேல் ஒன்றாக. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. வாயைக் கோணாமல் விழுங்கப் பார்த்தாள். அம்மா கேட்டாளே. ஒரே ஒரு வாய் என்று எத்தனை வருஷம் கேட்டாள்.

கிண்ணம் காலி. மறுபடி நீண்டது. மிரேக் ஊற்றினான்.

ரெனாட்டா பாய்ந்து அந்தக் கிண்ணத்தின் மேல் தன் உள்ளங்கையை விரித்து மூடினாள். சூடான கஞ்சி அவள் புறங்கையில் வழிந்தது.

"போதும் கண்ணு," என்றாள். அவள் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. "போதும். அம்மாவுக்குப் போதும்."

கையைக் கண்டதும் மிரேக்கின் கரண்டி நின்றது.

கிங்கா அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். திறந்த வாய்க்குள், அடித்தொண்டை வரை, செக்கச்செவேல் என்று எரிந்துகொண்டிருந்தது. தூங்கும் குழந்தையின் கையை நகர்த்துவதுபோல, அம்மாவின் கையை மெதுவாக எடுத்து அவள் மடியிலேயே வைத்தாள். இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்தி மறுபடி நீட்டினாள்.

மிரேக் முகத்தைப் பார்க்காமல், விதிப்படி, கரண்டியைச் சாய்த்தான்.